தலக்குளம் தந்த தளவாய்

நாள்தோறும் காலையில் கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறிக் காரியவட்டத்து ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும் மாணவன் நான். வழியில் தலைமைச் செயலகம் வரும். அங்கே சாலையின் இருபுறமும் இரண்டு சிலைகள். ஒருபுறம் சர் டி. மாதவராயர். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரின் திவானாகி, 1872 வரை அந்தப் பதவியை வகித்தவர். அவருடைய சிலையால்தான் அந்த இடத்திற்கே ‘ஸ்டாச்சூ’ என்று பெயர் வந்தது. எதிர்ப்புறம், செயலகத்தின் முன்னே, வேலுத்தம்பித் தளவாய்.

இருவரும் திருவிதாங்கூரின் தலைமை அமைச்சர்கள். ஒருவருக்கு ஆங்கிலேயர் ‘சர்’ பட்டம் சூட்டினர். மற்றவருடைய உயிரற்ற உடலை இதே நகரில் தொங்கவிட்டனர். இடையே அரை நூற்றாண்டுதான். என்ன நடந்தது அந்த அரை நூற்றாண்டிற்கு முன்?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் என் வகுப்புத் தோழர் ஒருவர், மலையாளி. ஒருநாள் பேருந்தில் அந்தச் சிலையைக் காட்டி, இவர் எங்களவரா, உங்களவரா என்று கேட்டார். வேலுத்தம்பி பிறந்த தலக்குளம் 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தில் இருக்கிறது. அவர் இறந்த மண்ணடி கேரளத்தில் இருக்கிறது. கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதுதான். ஆனால், பிழைப்புக்காகத் தென்காசியை விட்டுவந்து சாலைக் கடைத்தெருவில் குடியேறிய குடும்பத்தின் பிள்ளைக்கு அந்தக் கேள்வி விளையாட்டாகப் படவில்லை. எங்களவரா, உங்களவரா என்ற வினா எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்பதல்லவா? விடை தேட எண்ணி அவர் வரலாற்றைப் படித்தேன். கண்டதை இங்கே எழுதுகிறேன், நண்பர்களே!

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், இரணியலுக்கு அருகே, தலக்குளத்துப் பெரிய வீட்டில் 1765 மே 6ஆம் நாள் பிறந்தவர் வேலாயுதன். செண்பகராமன் என்பது அந்தக் குடும்பத்துக்கு மன்னர் தந்த பட்டம். தம்பி என்பதும் மரியாதைப் பெயரே. நாம் வீட்டில் இளையவனை அழைக்கும் தம்பி அன்று. வளர்ந்ததும் அரசுப் பணியில் சேர்ந்து காரியக்காரர் ஆனார். இன்றைய தாசில்தார் பதவிக்கு ஒப்பானது அது.

1798இல் திருவிதாங்கூரை நெடுங்காலம் ஆண்ட தர்மராஜா மறைந்தார். அரியணை ஏறிய பாலராமவர்மாவுக்கு வயது பதினாறு. சிறுவனைச் சூழ்ந்தனர் மூவர். ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் என்பன அவர்கள் பெயர்கள். கருவூலம் வறண்டது. வறண்ட கருவூலத்தை நிரப்ப அவர்கள் கண்ட வழி எளியது. வசதியுள்ளோரை அழைத்து, இவ்வளவு பணம் கொண்டுவா என்று ஆணையிடுவது! கொடுக்க மறுத்தவர்க்குச் சவுக்கடி. ஒருநாள் அந்த ஆணை வேலுத்தம்பிக்கும் வந்தது.

மூன்று நாள் தவணை கேட்டு ஊர் திரும்பினார் வேலுத்தம்பி. திரும்பி வந்தபோது கையில் பணமில்லை. பின்னால் மக்கள் வெள்ளம் இருந்தது! தென் திருவிதாங்கூரின் குடிமக்கள் திரண்டு திருவனந்தபுரம் கோட்டை வாயிலில் வந்து நின்றனர். ஆண்டு 1799. மன்னர் பணிந்தார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரும் சவுக்கடி பட்டுக் காதறுக்கப்பட்டனர்.

அதே 1799இல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், நம் நெல்லைச் சீமையில் என்ன நடந்தது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரண்டாண்டு கழித்து மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதே 1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியையும் கும்பினி விழுங்கியது. கிழக்கே வெடிமருந்தாலும் தூக்குக் கயிற்றாலும் நடந்த காரியம், மேற்கே மையாலும் காகிதத்தாலும் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காகிதத்தின் கதைதான் வேலுத்தம்பியின் கதை.

1789 இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார். திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் துணையை நாடியது. துணை இலவசமாகக் கிடைக்குமா? போர் முடிந்தபின் 1795இல் ஓர் உடன்படிக்கை. வெளிப்பகைவரிடமிருந்து நாட்டைக் காக்கக் கும்பினி படை தரும். அதன் செலவை ஆண்டுதோறும் திருவிதாங்கூர் செலுத்தும். 1800இல் கர்னல் மெக்காலே என்பவர் ரெசிடெண்டாக வந்து அமர்ந்தார். காவலுக்கு வந்தவர் வீட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டுக்கொண்டார்!

1802ஆம் ஆண்டளவில் வேலுத்தம்பி தளவாய் ஆனார். நிலங்களை அளந்து கணக்கெழுத வைத்தார். சாலைகள் அமைத்தார், சங்கனாச்சேரியில் சந்தை கண்டார். ஊர் ஊராகச் சென்று வழக்குக் கேட்டார். லஞ்சம் வாங்கிய அலுவலர் அவர் பெயரைக் கேட்டு நடுங்கினர். ஆனால் தண்டனைகள் கொடியவை. சிறு குற்றத்திற்கும் சவுக்கு. பெரிய குற்றத்திற்கு உறுப்பறுப்பு.

ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தால் முதலில் சுழிப்பிழை பார்ப்போம். பிழை உண்டென்றால் அளவியை வீசி எறிவதில்லை. அளவில் திருத்தம் செய்துகொள்கிறோம். வீரர் வரலாற்றையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வேலுத்தம்பியின் வாழ்விலும் சுழிப்பிழை உண்டு. அதைப் படித்த அன்று இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன்.

அது 1804. செலவைக் குறைக்க வேண்டி, நாயர் படையினரின் படியைக் குறைத்தார் தளவாய். படை கிளர்ந்தது. தளவாயை விலக்கு, கொல் என்று கூவித் திருவனந்தபுரத்தை நோக்கி நடந்தது. அப்போது வேலுத்தம்பி என்ன செய்தார்? ஐந்தாண்டுக்கு முன் மக்கள் வெள்ளத்தை அழைத்து வந்தவர், இப்போது கொச்சியிலிருந்த மெக்காலேயிடம் ஓடினார்! கும்பினியின் துணையோடு திரும்பினார். சொந்த நாட்டுப் படைவீரரை அடக்கினார். தலைவர்களுக்குக் கொடுந்தண்டனை விதித்தார். மெக்காலே அவருக்கு நண்பர். அவர் பதவிக்குத் தூண்.

அந்தத் தூணுக்கு விலை உண்டு. விலைச்சீட்டு உடனே வந்தது. 1805 ஜனவரியில் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. திருவிதாங்கூர் இனி ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். உள்நாட்டுக் கலகத்தையும் கும்பினிப் படை அடக்கும். ஆட்சி சரியில்லை, பணம் வராது என்று தோன்றினால் கும்பினியே நிர்வாகத்தில் தலையிடலாம், கைப்பற்றலாம். மன்னர் கும்பினியின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும். உடன்படிக்கைக்குச் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? நிரந்தர நட்பு! தளவாயின் காலத்தில், தளவாயின் உடன்பாட்டோடு இது நடந்தது.

என் தந்தையார் சாலையில் ஒரு மொத்தக்கடையில் கணக்கெழுதுபவர். சிறுவயதில் அவர் அருகே அமர்ந்து பேரேட்டைப் பார்த்திருக்கிறேன். சில பெயர்களுக்கு எதிரே பாக்கி மாதந்தோறும் ஏறும், இறங்காது. அப்படி ஏறிக்கொண்டே போன பெயருக்கு உரியவரின் கடை ஒருநாள் வேறொருவர் கைக்குப் போகும். யாரும் சண்டையிட்டதில்லை, யாரும் பூட்டை உடைத்ததில்லை. பேரேட்டில் ஒரு கோடு, கடை கைமாறிவிட்டது! 1805இன் உடன்படிக்கையைப் படித்தபோது எனக்கு அந்தப் பேரேடுதான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயர் இந்தியாவை வாளால் வென்றார்கள் என்பது பாதி உண்மை. மறுபாதி இந்தப் பாக்கிக் கணக்கில் இருக்கிறது. வெல்லெஸ்லி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்த 1798 முதல் 1805 வரை ஐதராபாத்து தொடங்கிப் பல அரசுகள் இந்த வலையில் விழுந்தன. படை உன் பாதுகாப்புக்கு, செலவு உன்னுடையது, செலுத்தத் தவறினால் நாடு எங்களுடையது. இதைவிடச் சிக்கனமாக ஒரு நாட்டைப் பிடிக்க முடியுமா?

எட்டு லட்சத்தைத் திருவிதாங்கூரால் செலுத்த இயலவில்லை. பாக்கி ஏறியது. தளவாய் தவணை கேட்டார், குறைக்கச் சொன்னார். நண்பர் மெக்காலே இப்போது கடன்காரர் மெக்காலே ஆனார். பணம் எங்கே என்ற கேள்வியை மடல்மேல் மடலாக அனுப்பினார். மன்னரின் சொந்தச் செலவில் இருந்த கர்நாடகப் படையைக் கலைத்துவிடு என்றார். உள்ளூர் நிர்வாகத்திலும் கை நீண்டது. ஒரு காலத்தில் இளம் காரியக்காரனை அழைத்துப் பணம் கொண்டுவா என்று ஆணையிட்டனர் மூவர். இன்று ஒரு நாட்டையே அழைத்து அதே ஆணையை இடுகிறது கும்பினி. வேலுத்தம்பிக்கு அந்த ஒற்றுமை புரியாமல் இருந்திருக்குமா? தாம் நாட்டை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டோம் என்பதை உணர்ந்தார். உணர்ந்த பின் அவர் செய்ததுதான் அவரை மற்ற அமைச்சர்களிலிருந்து பிரிக்கிறது.

பதவியைத் துறந்து மலபாருக்குப் போய்விடு, ஓய்வூதியம் தருகிறோம் என்று வழி காட்டியது எதிர்த்தரப்பு. போயிருந்தால் வயோதிகம் வரை வாழ்ந்திருப்பார்; அவர் போகவில்லை. கொச்சி அரசின் தலைமை அமைச்சர் பாலியத்து அச்சனோடு கைகோத்தார். 1808 டிசம்பர் இறுதியில் ஓர் இரவு, கொச்சியில் மெக்காலேயின் மாளிகை முற்றுகையிடப்பட்டது. மெக்காலே ஒளிந்து தப்பிக் கப்பலேறிவிட்டார். அதே நாட்களில், கடல் வழியே வந்து ஆலப்புழைப் பகுதியில் கரையிறங்கிய ஹ்யூம் என்ற மருத்துவரும் சுமார் முப்பது ஐரோப்பியப் படைவீரரும் பிடிபட்டுப் பள்ளாத்துருத்தியில் கொல்லப்பட்டனர். கையில் அகப்பட்டவரைக் கொன்ற செயல் வீரம் ஆகாது. நம் தரப்பில் நடந்தது என்பதற்காக அதை மறைக்கவும் கூடாது.

1809 ஜனவரி 11. கொல்லம் ஆண்டு 984 மகரம் 1. கொல்லத்திற்கு அருகேயுள்ள குண்டறையில் வேலுத்தம்பி மக்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். குண்டறை விளம்பரம் என்று வரலாறு அதைப் போற்றுகிறது. நட்பு என்று வந்தவர்கள் நாட்டைக் கவர வந்தவர்களே என்றார். உப்பளம் முதல் தென்னை மரம் வரை அவர்கள் கை போகும். நிலவரி தாங்க முடியாத அளவுக்கு ஏறும். இன்று எதிர்க்காவிட்டால் பிறகு எதிர்க்க நாடே இராது என்பது அதன் சாரம். சமய வழக்கமும் சாதி முறையும் அழிந்துவிடும் என்ற அச்சத்தையும் அந்த அறிக்கை எழுப்பியது. அன்று பொதுவழியில் நடக்கவும் உரிமையற்றிருந்த மக்களுக்கு, அந்த முறை அழியும் என்பது அச்சமா, ஆறுதலா? இதுவும் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று. ஆனால் உப்பைப் பற்றி அவர் சொன்னதை 1930இல் தண்டிக் கடற்கரையில் காந்தியடிகள் குனிந்து எடுத்த ஒரு பிடி உப்போடு வைத்துப் பாருங்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனிதர் அந்தச் சுமையைக் கண்டுவிட்டார்!

மக்கள் எழுந்தனர். ஆனால் எதிரியின் பீரங்கிகளும் எழுந்தன. ஜனவரி 15ஆம் நாள் கொல்லத்தில் கர்னல் சாமர்சின் படை திருவிதாங்கூர்ப் படையை முறியடித்தது. பிப்ரவரியில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கர்னல் செயிண்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே நுழைந்தது. பத்மநாபபுரமும் உதயகிரியும் வீழ்ந்தன. கும்பினிப் படை திருவனந்தபுரத்தின் எல்லையில், பாப்பனங்கோட்டில் கூடாரமடித்தது.

அந்நிலையில் மன்னர் என்ன செய்வார்? கலகம் எல்லாம் தளவாயின் செயலே என்றார். உம்மிணித்தம்பி புதிய அமைச்சரானார். வேலுத்தம்பியைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. யாருடைய அரியணைக்காக வாளெடுத்தாரோ, அந்த அரியணையே அவரைத் தேடி ஆளனுப்பியது! மன்னரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே அவர் கை கட்டப்பட்டுவிட்டது.

வடக்கே ஓடினார் வேலுத்தம்பி. கிளிமானூர் அரண்மனையில் சற்றுத் தங்கி, தம் வாளை அங்கே ஒப்படைத்துவிட்டுச் சென்றார் என்பர். இறுதியில் இளவல் பத்மநாபன் தம்பியோடு மண்ணடிப் பகவதி கோயிலில் ஒளிந்தார். தேடிவந்தோர் சூழ்ந்துவிட்டனர். உயிரோடு பிடிபட அவர் விரும்பவில்லை. தம்மைக் கொன்றுவிடுமாறு இளவலை வேண்டினார். இளவல் கலங்கவே, தாமே தம் மார்பில் குத்திக்கொண்டார். உயிர் பிரியத் தாமதித்தபோது, அண்ணன் சொல்லைத் தட்டமாட்டாத அந்த இளவல், தலையை வெட்டி அவர் துன்பத்தை முடித்தார் என்று கூறுவர். வேலுத்தம்பிக்கு அப்போது வயது 43.

பகை அத்தோடு தீர்ந்ததா? இல்லை. அவருடைய உடல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கண்ணம்மூலையில் யாவரும் காணத் தொங்கவிடப்பட்டது. இளவல் ஏப்ரல் 10ஆம் நாள் கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து வீடு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பாலியத்து அச்சன் சென்னைக்கு நாடு கடத்தப்பட்டார். இறந்த உடலைத் தொங்கவிட்ட செயலைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார் என்றால், அதன் கொடுமையை நான் விரித்துரைக்க வேண்டுமா?

அதன் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 1810இல் பாலராமவர்மா மறைந்தார். அரசி கௌரி லட்சுமிபாய் ஆட்சிக்கு வந்தார். 1811இல் ரெசிடெண்டு கர்னல் மன்றோவே திவானும் ஆனார்! கடன் கேட்பவரும் அவரே; கடன் கொடுக்க வேண்டியவரின் காரியத்தலைவரும் அவரே. பேரேட்டின் இரு பக்கமும் ஒரே கையில்! எட்டு லட்சத்தில் தொடங்கிய கணக்கு அங்கே வந்து முடிந்தது.

மன்றோ நல்லது செய்யவில்லையா என்று சிலர் கேட்பர். செய்தார். நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தினார். அவர் காலத்தில், 1812இல், அடிமைகளை வாங்கி விற்பது தடுக்கப்பட்டது. அதை மறுப்பது அறமாகாது. நம்மவர் செய்யத் தவறியதை அயலார் செய்தபோது நாம் நாணவும் வேண்டும். ஆனால் ஒருவன் நம் வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்தான் என்பதற்காக வீட்டை அவனுக்கு எழுதிக்கொடுத்துவிட முடியுமா? பெருக்கிய கூலியையும் நம்மிடமே வாங்கிக்கொண்டானே!

கிளிமானூரில் ஒப்படைத்ததாகக் கூறப்படும் அந்த வாளின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். அரண்மனையில் நெடுங்காலம் காக்கப்பட்ட வாள் 1957இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் அளிக்கப்பட்டு, தில்லி சென்றது. 2010இல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டு நேப்பியர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. நேப்பியர் யார்? சென்னை மாகாணத்தின் ஆங்கிலக் கவர்னர்! ஆங்கிலேயனுக்கு எதிராக உயர்ந்த வாள் ஆங்கிலேயன் பெயர் தாங்கிய மாளிகையில் உறங்குகிறது. வரலாறு சிரிக்கவும் தெரிந்ததுதான்.

நண்பருக்கு என்ன விடை சொன்னேன்? அடுத்த வாரம் அதே பேருந்தில், தலக்குளத்திலிருந்து குண்டறை வழியாக மண்ணடி வரை அவர் நடந்த வழியைச் சொன்னேன். அந்த வழி நெடுக அன்று மாநில எல்லை இல்லை. அவரோடு ஆரல்வாய்மொழியிலும் கொல்லத்திலும் நின்றவர்கள் எந்த மொழியில் கனவு கண்டார்கள் என்று கும்பினியின் பீரங்கி கேட்கவில்லை. எங்களவரா, உங்களவரா என்ற கேள்விக்கு அந்தப் பீரங்கியே விடை தந்துவிட்டது என்றேன். நண்பர் சிரித்தார். செயலகம் கடந்தபோது இருவரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

தவறே செய்யாத வீரரை வணங்குவது எளிது. ஆனால் அவரிடமிருந்து கற்றுக்கொள்வது அரிது. அவரைப் போல் நாம் ஆக முடியாது என்று ஒதுங்கிவிடுவோம். வேலுத்தம்பி அப்படிப்பட்டவர் அல்லர். இரவல் வலிமையால் தம் நாற்காலியைக் காத்துக்கொண்டவர் அவர். அந்த இரவலுக்கு வட்டியாக நாடே போகிறது என்று கண்டபோது, நாற்காலியையும் உயிரையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தவரும் அவரே. கடனை அவர் தீர்த்துவிடவில்லை. ஆனால் கணக்குத் தவறு என்று உரக்கச் சொன்னார். தாமே எழுதிய கணக்கைத் தவறென்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

நாளை அந்தச் சிலையைக் கடக்கும்போது ஒரு கணம் நிமிர்ந்து பாருங்கள், நண்பர்களே! இரவல் வலிமை எவ்வளவு இனிக்கும், அதன் விலை எவ்வளவு கசக்கும் என்பதை இரண்டையும் சுவைத்த ஒருவர் அங்கே நிற்கிறார்.